அரிய பூவும் அருகிய புல்வெளியும்
நீலக்குறிஞ்சியின் ‘நிலை’ குறித்துச் சில குறிப்புகள்

1

நீலக்குறிஞ்சியைப் பற்றித் தமிழில் எழுதுகிற யாரும் ‘அரிய’ என்கிற அடைமொழியைத் தாண்டிப் போவதில்லை. அரிய மலர், அபூர்வ மலர், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காணக்கிடைக்கும் அதிசயம். பத்திரிகைச் செய்தி, பாடப்புத்தகம், சுற்றுலாத்துறைத் துண்டறிக்கை, கொடைக்கானல் லாட்ஜ் பெயர்ப்பலகை வரைக்கும் இந்தச் சொல்லாடல் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு செடியின் மீது ஒட்டப்பட்ட இந்தச் சொல், அந்தச் செடி நிற்கிற நிலத்தை எப்படி நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

‘அரிய’ என்பதற்குள் இரண்டு அர்த்தங்கள் கலந்து கிடக்கின்றன. காலத்தில் அரிது என்பது ஒன்று. இடத்தில், எண்ணிக்கையில் அரிது என்பது இன்னொன்று. குறிஞ்சி முதல் அர்த்தத்தில்தான் அரிது. பூக்கிற வருஷம் சரிவு முழுக்கப் பூக்கும். கூட்டமாக முளைத்து, கூட்டமாக வளர்ந்து, பன்னிரண்டாம் வருஷம் கூட்டமாகப் பூத்து, விதை போட்டு, கூட்டமாகவே செத்துப்போகிற செடி அது. ஒருமுறை பூத்தால் அதோடு அதன் கதை முடிந்தது. உதிர்ந்த விதை மழைக்கு முளைத்து, பூவில்லாத வெறும் புதராக வருஷக்கணக்கில் நிற்கும். எல்லாச் செடிகளும் ஒரே நேரத்தில் விதைத்தால் தின்கிறவை தின்றது போக மிச்சம் முளைக்கும் என்பது இந்த ஒத்திசைவுக்குத் தாவரவியலார் சொல்கிற விளக்கங்களில் ஒன்று. அப்படிப் பார்த்தால் குறிஞ்சியின் வாழ்க்கை உத்தியே ஏராளம்தான். ஏராளத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு செடிக்கு நாம் வைத்திருக்கிற பட்டம் ‘அரிது’!

இது வெறும் சொல் விளையாட்டில்லை. ‘அரிய’ பொருளைக் காப்பாற்றுவது என்றால் நமக்குத் தெரிந்த வழி பெட்டகம், பூங்கா, வேலி. பத்துச் செடியைத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏராளத்தால் வாழ்கிற செடிக்கு அது பொருந்தாது. அதற்கு வேண்டியது சரிவு. சரிவு முழுக்க.

தமிழ் நாவலில் இந்த இரண்டு அர்த்தங்களும் தனித்தனியாகவே வேலை செய்திருக்கின்றன. 1960களின் தொடக்கத்தையொட்டி இரண்டு நாவல்கள் இந்தப் பூவின் பெயரைச் சூடிக்கொண்டு வந்தன. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ பூவை லட்சியப் பெண்மைக்கான உருவகமாக்கியது. அங்கே குறிஞ்சி என்றால் எப்போதாவது பூக்கும் உயர்ந்த மனிதப் பிறவி. அதற்கு மலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரியில் வாழ்ந்து பார்த்து, படகர் வாழ்க்கையைக் கொண்டு எழுதப்பட்டது. அதில் குறிஞ்சி ஒரு காலக்கணக்கு. ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையில் தானிய நிலம் தேயிலையாவதையும் பணம் ஊருக்குள் நுழைவதையும் அந்த நாவல் கணக்கெடுத்துக்கொண்டே போகிறது. முதல் நாவல் ஜனங்களின் மனசில் நின்றது. பிள்ளைகளுக்கு அதிலிருந்து பெயர் வைத்தார்கள். இரண்டாவதை விமர்சகர்கள் மரியாதையோடு குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். உருவகமாகிப்போன பூ ஜெயித்தது, நிலத்தில் நின்ற பூ தோற்றது என்று இதைச் சொல்லலாம். அந்தத் தோல்விதான் இன்று மலையில் தொடர்ந்துகொண்டிருக்கிறது என்பது என் வாதம்.

2

2024இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சிக்கு முதல்முறையாக ஓர் இடம் கிடைத்தது. ‘அழிவாய்ப்பு இனம்’ என்பது வகை; ‘ஏ2சி’ என்பது விதி எண். 1,340 மீட்டருக்கும் 2,600 மீட்டருக்கும் இடைப்பட்ட சோலைப் புல்வெளிகளில் மட்டும் வளர்கிற இச்செடிக்கு 34 துணைக்கூட்டங்கள் இருப்பதாக அந்த மதிப்பீடு கணக்கிட்டது. 33 மேற்குத் தொடர்ச்சி மலையில். ஒன்றே ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஏற்காட்டுச் சேர்வராயன் மலையில். பெரும்பகுதி நீலகிரியில், அடுத்து மூணாறு, பழனி-கொடைக்கானல், ஆனைமலை. வாழிடத்தில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. காரணங்கள்: தேயிலை, மென்மரத் தோட்டங்கள், நகரமயம். மிச்சம் இருப்பதை யூகலிப்டஸும் கருவாட்டிலும் நெருக்குகின்றன.

பத்திரிகைகள் இதை எப்படி வாசித்தன? ‘அரிய குறிஞ்சிக்கு ஆபத்து.’ மறுபடியும் அதே அடைமொழி. ஆனால் பட்டியல் சொன்னது வேறு. தமிழில் இந்த வகைகளைப் பெயர்க்கும்போது நாம் பயன்படுத்துகிற ‘அருகிய’ என்கிற சொல்லைக் கவனியுங்கள். ‘அரிய’ என்பது பண்பு. செடி பிறக்கும்போதே கொண்டுவந்தது மாதிரி. ‘அருகிய’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். அதற்குள் ஒரு வினை இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது. ஏதோ நடந்திருக்கிறது. நடந்தது என்றால் நடத்தியவன் யார் என்று கேட்டாக வேண்டும். ‘அருகச் செய்தவன்’ என்கிற எழுவாயைத்தான் ‘அரிய’ என்கிற அடைமொழி விழுங்கிவிடுகிறது.

‘ஏ2சி’ என்கிற மூன்றெழுத்துச் சங்கேதத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ‘ஏ’ என்றால் எண்ணிக்கைச் சரிவு. ‘2’ என்றால் சரிவு ஏற்கெனவே நடந்தது, காரணங்கள் ஓய்ந்துவிடவில்லை, அல்லது புரிபடவில்லை, அல்லது மீட்க முடியாதவை. ‘சி’ என்றால் செடியைத் தலையெண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல. அது பரவியிருக்கிற இடமும் வாழிடத்தின் தரமும் சுருங்கியதை வைத்துக் கணித்தது. இந்த ‘சி’யை நான் மதிக்கிறேன். பூவைக் கொண்டாடுகிற நம் கவிதைகளை விட அந்த ஓர் எழுத்து உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலத்தை அளந்து பூவின் நிலையைச் சொன்னது அது.

ஆனால் பட்டியலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அந்த விதி பின்னோக்கிப் பார்க்கிற தூரம் பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அது. பன்னிரண்டு வருஷத்தை ஒரு தலைமுறையாகக் கொண்டால் 36 வருஷம். அந்தக் காலத்துக்குள் 30 சதவீதம் சரிந்தால் ‘அழிவாய்ப்பு’, 50 ஆனால் ‘அருகிய’, 80 ஆனால் ‘மிக அருகிய’. நாற்பது என்கிற எண் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேலும் பத்து சதவீதம் போனால் அந்தஸ்து உயரும்! அழிவு கூடக்கூடப் பட்டம் பெரிதாகிற விசித்திரமான ஏணி இது. அது போகட்டும். என் கேள்வி, விதியின் கடிகாரத்துக்கு முன்னால் நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான்.

3

முன்னால் என்ன நடந்தது? 1840கள் வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. ஊட்டிப் பக்கம் அவற்றைச் சீகை என்றும் கற்பூர மரம் என்றும் ஜனங்கள் இப்போது சொந்த மரம் போலச் சொல்கிறார்கள். பாளையத்துக்கும் பங்களாவுக்கும் விறகு வேண்டும் என்பது முதல் நியாயம். 1877இல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் பூஞ்ஞாற்றுச் சிற்றரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்குப் பின் மூணாறுச் சரிவுகள் தேயிலையாயின. வெள்ளைக்காரன் போனான். மரம் நடுவது நிற்கவில்லை, பெருகியது. தோல் பதனிடச் சீகைப்பட்டை வேண்டும், செயற்கைப் பட்டுக்கு மரக்கூழ் வேண்டும் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் வனத்துறையே புல்வெளிகளைத் தோட்டமாக்கியது. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு மலையிலிருந்து மரம் இறங்கியது. கழிவு பவானியில் இறங்கியது. பழனிமலைப் புல்வெளிகளைச் செயற்கைக்கோள் படங்கள் கொண்டு ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பதாண்டுகளில் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகக் கண்டது.

இத்தனையும் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நடந்தது? ‘தரிசு’. மரம் இல்லாத மலை என்றால் வீணாகக் கிடக்கிற மலை. தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி, ரெவின்யூ கணக்கின் பார்வையில் வெற்றிடம். ‘அட, புல்லுதானே’ என்கிற ஒரு மூச்சில் அது முடிந்துபோயிற்று. ஒரு பக்கம் பூவுக்கு ‘அரிய’ என்று பட்டம். இன்னொரு பக்கம் அதே பூ வேர்விட்ட நிலத்துக்குத் ‘தரிசு’ என்று பட்டம். இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். நடைமுறையில் கூட்டாளிகள். பூ நிலத்திலிருந்து பிரிந்து ஓர் அதிசயமாக மேலே போகும்போது, கீழே நிலம் எதற்கும் ஆகாததாக மிஞ்சுகிறது. பதினோரு வருஷம் பூவில்லாமல் நிற்கிற குறிஞ்சிப் புதர், நில அளவைக்காரனின் கண்ணுக்கு வெறும் புதர். வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டிய ஒன்று.

பெயர் விஷயத்திலும் இதே கதைதான். குறிஞ்சியின் லத்தீன் பெயரில் உள்ள ‘குந்தியானா’ என்கிற பின்னொட்டு, அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழை ஆற்றிலிருந்து வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1832இல் நீஸ் என்கிற ஜெர்மானியர் இட்ட பெயர் அது. அந்தப் பின்னொட்டு ஆட்களுக்குரியது. கார்ல் குந்த் என்கிற இன்னொரு ஜெர்மானியத் தாவரவியலாளரைக் கௌரவிப்பது. நம் ஆற்றின் பெயரை அதில் கேட்க ஆசைப்படுகிறோம். அங்கே இருப்பது ஐரோப்பியக் கல்விமான்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட மரியாதை. பூவில்லாத வருஷங்களிலும் அச்செடியோடு வாழ்ந்தவர்களில் யாரும் அந்தப் பெயரில் இல்லை.

4

இனி சட்டத்துக்கு வருவோம். வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நெடுங்காலம் ஆறே ஆறு தாவரங்கள்தாம் பாதுகாக்கப்பட்டவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியல் நீண்டது; மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சியும் சேர்ந்தது. பறித்தால், பிடுங்கினால், அழித்தால் மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று அறிவித்தார்கள்.

ஒடிப்பது சரி என்று சொல்ல வரவில்லை. விதை விழ வேண்டிய ஒரே வருஷத்தில் கொத்துக்கொத்தாக ஒடித்துக்கொண்டு போனால் அது ஒரு தலைமுறையைத் தின்பதுதான். பழங்குடிகள் தங்கள் மாவட்டத்தில் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் சட்டத்தின் கண் எதைப் பார்க்கப் பழகியிருக்கிறது? பூவை ஒடிக்கிற கையை. நாற்பது சதவீத வாழிடம் பூப்பறித்துப் போனதில்லை. எஸ்டேட்டாகவும் பிளாண்டேஷனாகவும் ரிசார்ட்டாகவும் போனது. பெரும்பகுதி முறைப்படி ஆணை பெற்று, வரைபடம் போட்டு, முத்திரை குத்திப் போனது. செல்ஃபி எடுக்க வந்து ஒரு கொத்து ஒடித்தவன் மாட்டுவான். ஒரு மலையையே சீகைக்காடாக்கிய கோப்பு மாட்டாது.

குறிஞ்சிமலைச் சரணாலயம் இந்தச் சிக்கலின் இன்னொரு முகம். 2006இல் பூத்தபோது கேரள அரசு வட்டவடை, கொட்டாக்கம்பூர்ப் பகுதியில் சுமார் 32 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தது. கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்துபோய்ப் பிரச்சாரம் செய்த குறிஞ்சி ஆர்வலர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2018இல் அடுத்த பூப்பு வந்தபோதும் எல்லை தீர்ந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் காய்கறி விளைவிக்கிற தமிழ் பேசும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். கிராண்டிஸ் என்று அவர்கள் சொல்கிற யூகலிப்டஸ் தோட்டங்களும் இருக்கின்றன. உழுது பிழைப்பவனின் பட்டாவும், மரத்தை நட்டுவிட்டு எங்கோ இருப்பவனின் பட்டாவும் ஒரே கோப்பில் வரும்போது, முந்தியவன் பிந்தியவனுக்குக் கேடயமாக ஆக்கப்படுகிறான். ‘மக்களா, பூவா?’ என்று கேட்பதே இந்த இரண்டு பட்டாவையும் ஒன்றாக்கிக் காட்டுகிற தந்திரம். அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் நின்று பதில் சொல்லி நம்மில் பலர் ஏமாந்திருக்கிறோம்.

5

‘மக்கள்’ என்று சொன்னதும் குறிஞ்சிப் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: பழங்குடிகள் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்டார்கள். எல்லாத் துண்டறிக்கையிலும் இது உண்டு. இதிலும் மக்கள் பூவுக்கு அலங்காரமாகத்தான் வருகிறார்கள். வயதைப் பூவால் எண்ணியவர்களின் மேய்ச்சல் நிலம் எப்போது யாருக்குப் போனது என்கிற அடுத்த வாக்கியம் வருவதே இல்லை.

வராத இன்னொரு வாக்கியம் தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றியது. 2018இல் ராஜமலையில் குறிஞ்சி பூத்ததைக் காண டிக்கெட் கொடுத்து ஆட்களை ஏற்றினார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள். மலையைத் தேயிலையாக்கிய அதே ஏற்பாடுதான் புல்லை அகற்றியது, அவர்களைக் கொண்டுவந்து சொந்த மண்ணில்லாமல் லயத்தில் அடைத்தது. குறிஞ்சியின் இழப்பும் அவர்களின் நிலமின்மையும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து ‘சூழலியல்’ என்று பெயர் வைத்துப் படிக்கிற வாசிப்பை நான் ஏற்க முடியாது.

இங்கேதான் திணை என்கிற பழைய யோசனை எனக்கு உபயோகமாகப்படுகிறது. பெருமை பேச அல்ல. ஐந்திணையை மேடைத் தோரணமாக்கி நாம் போதுமான அளவு பெருமை பேசியாயிற்று. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் குறிஞ்சி எப்படி வருகிறது என்று பாருங்கள். அது அரிது என்றோ, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்றோ அந்தக் கவிஞன் சொல்லவில்லை. அவன் கண்ணில் பட்டவை சரிவு, செடியின் கருத்த தண்டு, அந்தப் பூவிலிருந்து ஆகிற தேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலோ அது தொண்ணூற்றொன்பது பூக்களின் நீண்ட வரிசையில் ஒன்று. தனி மரியாதை எதுவும் கிடையாது. நிலம் முதற்பொருள், பூ கருப்பொருள், அங்கே வாழ்கிற மனிதர்களுக்கு நேர்வது உரிப்பொருள். மூன்றையும் சேர்த்தால்தான் அதற்குப் பெயர் குறிஞ்சி. பூவை மட்டும் பிடுங்கி ‘அரிய’ என்கிற கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தது நாம்தான்.

6

கடைசியாக நம் ஆட்களோடு ஒரு வழக்கு. சூழல் இயக்கத்தில் இருக்கிற நண்பர்களுக்கு ‘மரம் நடுவோம்’ என்பது கிட்டத்தட்ட மதம். மழைக்கு மரம், மண்ணுக்கு மரம், கரியமிலவாயுவுக்கு மரம். சமவெளியில் அது எவ்வளவு சரியாக இருந்தாலும், இந்த மலையுச்சிப் புல்வெளியில் நடுகிற ஒவ்வொரு மரமும் குறிஞ்சிக்கு வைக்கிற வேட்டு. சிவப்புப் பட்டியல் மதிப்பீடு அச்சுறுத்தல்களின் வரிசையில் காடு வளர்ப்புத் திட்டங்களையும் சேர்த்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? அந்தப் புல்வெளிதான் மழையை வாங்கி, சதுப்பில் தேக்கி, சோலை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. இரவிகுளம் பக்கத்து நீர் பாம்பாறாக இறங்கி அமராவதிக்கு வருகிறது. தாராபுரத்து விவசாயிக்கும் கரூர்க்காரனுக்கும் அந்தப் ‘புல்லுதானே’வில் பங்கு உண்டு.

தமிழ்நாடு அரசு 2022இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் சீகையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டு, வெட்டிய இடத்தைத் திரும்பிப் பார்க்காவிட்டால் முன்பை விட அடர்த்தியாக எழும். வருஷாவருஷம் முளைப்பைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார், கூலிக்கு வந்து போகிறவரா, மேய்ச்சல் உரிமையோடு அங்கேயே இருக்கிறவரா என்பது அரசியல் கேள்வி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. குறிஞ்சிமலை அறிவிக்கப்பட்டதும் அதே 2006இல்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்க யாரும் மெனக்கெடவில்லை.

ஆகவே நான் கேட்பவை மூன்றே. மலைப்புல்வெளி என்பதை நில ஆவணத்தில் தரிசாகவும் எழுதாமல், காடாகவும் எழுதாமல், அதன் பெயரிலேயே எழுத வேண்டும். சீகையை அகற்றுகிற வேலையும் அதற்குப் பின்னான நிலமும் அங்கே வாழ்கிற சமூகங்களின் உரிமையோடு கட்டப்பட வேண்டும். மூன்றாவது நமக்கு: குறிஞ்சியைப் பற்றி எழுதும்போது ‘அரிய’ என்கிற அடைமொழியைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடலாம். அது இல்லாமல் எழுத உட்கார்ந்தால் நிலத்தை எழுத வேண்டிவரும், நிலத்தை எழுதினால் யார் பிடுங்கினார்கள் என்று எழுத வேண்டிவரும்.

மூணாற்றிலும் கொடைக்கானலிலும் அடுத்த பூப்பு 2030இல். அன்றைக்குக் கூட்டம் வரும், காமிரா வரும், கவிதை வரும். 2018இல் விழுந்த விதையிலிருந்து எழுந்த செடி இப்போது பூவில்லாமல், பெயர் தெரியாத புதராக, சீகைக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. காப்பாற்றுவதென்றால் இந்த வருஷங்களில்தான்.